முதல் பாடம் மட்டும் படித்த வருடம்

அறிவியல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் என்னால் பத்துப் பதினைந்து விதமாகப் பதில் சொல்லமுடியும். தமிழில் சொல்வேன், இங்கிலீஷில் சொல்வேன், பொம்மை ஆந்தை ஒன்று பாட்டாகவே பாடிய பதிலை ராகம் தப்பாமல் சொல்வேன். ஏழாம் வகுப்பு படித்திருக்கவேண்டிய வயதில், பாதி வருடத்துக்குமேல் வீட்டிலிருந்தபடி நான் படித்த அறிவியல் ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லாரும் முதல் பாடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது பாடத்தில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

எனக்குச் சிறுநீரகத்தில் ஒரு கோளாறு வந்திருந்தது. அதன் பெயர் பெரிது. டாக்டரம்மா எங்களுக்குச் சொன்ன விளக்கம் சின்னது. உடம்பில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகிறது, அதனால் முகமும் காலும் வீங்குகின்றன. மாத்திரை கொடுத்தால் ஒழுகல் நிற்கும். மாத்திரையைக் குறைத்தால் சில பிள்ளைகளுக்கு மறுபடியும் வரும். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். எனக்கும் போய்விட்டது, யாரும் பதறவேண்டாம். இன்று கல்யாண வீடுகளில் ஊறுகாயை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுகிற காலத்தில் உடம்புக்கு நோயை எதிர்க்கிற தெம்பு இருக்காது. அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்கு அம்மை போட்டுவிட்டது. மாத்திரையின் அளவு குறைகிறவரை பள்ளிக்கூடத்துப் பக்கமே அனுப்பாதீர்கள் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "மூணு மாசம் பாக்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் பாக்கலாம் என்றுதான் சொன்னார். அம்மா அதில் மூணு மாசத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட் என்று கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு தரம் தூக்கத்தின் நேரம் மாறுகிற மனிதர் எப்போதும் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார். அம்மா காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண். என் உடம்பு கெட்ட பிறகு மத்தியானத்துக்குமேல் மட்டும் வருகிறேன் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள். காலையில் அவள் எனக்கு வாத்தியார். மத்தியானம் கடைக்குப் போனபின் அப்பாவின் பழைய போன்தான் வாத்தியார்.

தமிழ், கணக்கு, சமூகம் எல்லாம் அம்மாவே பார்த்துக்கொண்டாள். அறிவியலில்தான் தடுக்கியது. அவள் பன்னிரண்டாவதில் வணிகவியல் எடுத்தவள். என் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படித்துவிட்டு, அதில் இருக்கிற படத்தை எனக்குக் காட்டிவிட்டு, மூடிவைத்துவிடுவாள். என் வகுப்பு டீச்சர்தான் போனில் யோசனை சொன்னார். "சயின்ஸ மட்டும் விட்டுடாதீங்கம்மா. எல்லாத்தையும் ஒரு சுத்து காட்டற மாதிரி ஆன்லைன்ல வருஷப் படிப்பு நெறய இருக்குது. ஒன்ன பாத்து சேத்துடுங்க."

ஒன்றைப் பார்த்துச் சேர்ப்பது. அவ்வளவுதான் வேலை. ஜூன் மாதம் தொடங்கினோம்.

அம்மாவின் பிழைப்பைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். காஞ்சிபுரத்துக்குப் பட்டெடுக்க யாரும் தனியாக வருவதில்லை. வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். கல்யாணப் பெண், அவள் அம்மா, மாப்பிள்ளை வீட்டு அத்தைகள், குறை சொல்வதற்கென்றே கூட்டிவரப்பட்ட ஒரு சித்தி என்று மெத்தை நிறைய உட்காருவார்கள். அம்மா அவர்கள் எதிரில் மண்டிபோட்டுப் புடவைகளைப் பிரித்து, முந்தியை விரித்து, தன் தோளில் போட்டுக் காட்டுவாள். இதே பார்டரில் வேறு கலர் கேட்பார்கள். அதே கலரில் வேறு பார்டர் கேட்பார்கள். பிறகு முதலில் பார்த்ததை எடுக்கச் சொல்வார்கள். காலையில் உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடிவுக்கு வராமல், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று எழுந்துகொள்வார்கள். போனவர்கள் வரமாட்டார்கள். பிரித்ததையெல்லாம் பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் ஏற்றவேண்டும். விற்பது வேலையே இல்லை, மடிப்பதுதான் வேலை என்பாள். வீட்டுக்கு வந்ததும் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் துவைத்த துணியை மடிப்பது அப்பாவின் பொறுப்பு. அம்மா அதை விரலால்கூடத் தொடமாட்டாள்.

இப்படிப்பட்டவள் வாங்குகிற இடத்தில் உட்கார்ந்தபோது, தன்னைப் படுத்தினவர்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

எல்லாப் படிப்புக்கும் ஒரு டெமோ உண்டு. முதல் பாடத்தை ஒரு வாரம் இலவசமாகப் பார்க்கலாம், பிடித்தால் வருடத்துக்குச் சேரலாம். முதலில் ஆந்தை வந்தது. அடுத்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், எந்தக் காரணமும் சொல்லாமல் நீலத் தண்ணீரை ஒரு குடுவையிலிருந்து இன்னொரு குடுவைக்கு ஊற்றிக்கொண்டே பேசினார். பஸ் புறப்பட்டுவிடும் என்பதுபோல் இங்கிலீஷில் ஓடிய அண்ணன் ஒருவர் வந்தார். லென்ஸும் காந்தமும் வைத்த பெட்டி கூரியரில் வரும் என்று ஒரு படிப்பில் சொன்னார்கள், ஆனால் பெட்டி சேர்ந்தவர்களுக்குத்தான். அம்மா காலை வேளையில் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒன்றில் பேச்சு வேகம். ஒன்றில் படம் இருக்கிறது, பாடம் இல்லை. இன்னொன்றில் பாடம் இருக்கிறது, படம் இல்லை. "இந்த ஆந்த எதுக்கு சும்மா சும்மா கண்ணடிச்சிக்கினு இருக்குது?" என்று கேட்டு ஆந்தையைத் தள்ளிவிட்டாள். வாரம் முடிந்ததும் டெமோ பூட்டிக்கொள்ளும். நாங்கள் அடுத்ததைத் திறப்போம். மறுபடியும் அறிவியல் என்றால் என்ன?

டெமோ பார்த்தவர்களைக் கம்பெனிக்காரர்கள் சும்மா விடுவதில்லை. போன் வரும். அதில் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் தவறாமல் பேசுவார். குரல் இனிமையாக இருக்கும், ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டால் கரகரத்துவிடும்.

"மேம், இந்த ஆஃபர் இன்னைக்கு ஒரு நாள்தான் மேம்."

"எங்க கடையிலயும் ஆடி மாசம் பூரா இன்னைக்கு ஒரு நாள்தான்மா" என்றாள் அம்மா.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன கடை என்று அந்தப் பெண் கேட்டார். அதற்குப்பிறகு படிப்பைப் பற்றிப் பேச்சில்லை. அந்தப் பெண்ணின் அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம், மாநிறத்துக்கு என்ன கலர் எடுக்கலாம் என்று ஒரு வாரத்துக்குப் பேச்சு நடந்தது. ஒவ்வொரு தரமும் கடைசியில் அம்மா, "தொண்ட கட்டிக்கினு இருக்குது பாரு, வெந்நி குடிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். நாள் முழுக்க அடுத்தவருக்கு எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கிற இரண்டு பேர், பாவம், ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். எனக்கு மட்டும் இரண்டாவது பாடம் வரவில்லை.

வீட்டில் உண்மையாகவே அறிவியல் ஒன்று தினமும் நடந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் எனக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு டப்பாவில் மெல்லிய பட்டைகள் இருக்கும். பட்டையின் நுனி மஞ்சள். நனைத்து எடுத்தபிறகும் மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் புரதம் ஒழுகுகிறது என்று பொருள், பச்சை கூடக்கூட ஒழுகலும் கூடுதல். டப்பாவின்மேல் ஒட்டியிருக்கும் வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டு, ஒன்றா இரண்டா மூன்றா என்று டாக்டரம்மாவிடம் சொல்லவேண்டும். அம்மாவுக்கு அந்தக் கட்டங்கள்மேல் மரியாதையே கிடையாது. உலகத்தில் உள்ள பச்சையையெல்லாம் நாலு கட்டத்தில் அடைக்கமுடியுமா?

"திங்கக்கெழம கிளிப்பச்ச டாக்டர். அப்புறம் வாழக்குருத்து. வெள்ளிக்கெழமைக்கு எலுமிச்ச மஞ்சளுக்கு வந்துடுச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். "வாழக்குருத்துன்னா ஒன்னாம்மா, ரெண்டாம்மா?"

"ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல டாக்டர். அதுக்கு உங்க டப்பால கட்டம் இல்ல."

பட்டுக்கடையில் இன்னொரு பழக்கம் உண்டு. கடை விளக்கை நம்பி யாரும் கலரை முடிவு செய்யமாட்டார்கள். புடவையை வாசலுக்கு எடுத்துப்போய், ரோட்டில் நின்று, வெயிலில் தூக்கிப் பார்ப்பார்கள். அம்மா பட்டையையும் அப்படியே பார்த்தாள். டியூப்லைட்டில் சந்தேகம் வந்தால் மாடிப்படி இறங்கி, கேட்டைத் தாண்டி, தெருவில் நின்று, பட்டையை வானத்துக்கு நேராகப் பிடிப்பாள். எதிர்வீட்டு அக்கா சில நாள் இதைப் பார்த்துக்கொண்டே கோலம் போட்டிருக்கிறார். ஒருநாள் பக்கத்தில் வந்து, வெட்கத்தோடு, "எத்தன மாசம்?" என்று கேட்டார். நான் எப்போது பள்ளிக்கூடம் போவேன் என்று கேட்பதாக நினைத்த அம்மா, "மூணு மாசம்னு சொல்லியிருக்காங்க" என்றாள். அன்று சாயங்காலம் ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு வந்தது, மேலே ரெண்டு நெல்லிக்காய் ஊறுகாயோடு. எனக்கு உப்பு ஆகாது. நான் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்க்க, அப்பாதான் சாப்பிட்டுத் தீர்த்தார். விஷயம் தெரிந்தபின் அந்த அக்கா ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. நடுவில் ஒரு சளிக்காய்ச்சல் வந்து, பட்டை பச்சையாகி, மாத்திரை பழைய அளவுக்கே ஏறியிருந்தது. ஆயுத பூஜை லீவு முடிந்ததும் போய்விடலாம் என்றாள் அம்மா. அதுவும் தாண்டியது. தீபாவளி முடிந்ததும் என்றாள். ஒவ்வொரு தரமும் எனக்கு ஒரு புது டெமோ திறந்துகொடுப்பாள். என் முகம் மாத்திரையில் உப்பிப் பந்தாகியிருந்தது. கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் சீப்பை அம்மாவிடமே கொடுத்துவிடுவேன். சிநேகிதிகள் முதலில் போனில் பேசினார்கள், பிறகு அவர்களுக்கும் பரீட்சை வந்துவிட்டது. மத்தியானங்கள் நீளமாக இருந்தன. அம்மா கடைக்கும் அப்பா ஷிஃப்டுக்கும் போன வீட்டில், யாரோ ஒருவர் போனுக்குள்ளிருந்து வணக்கம் குட்டீஸ் என்று கத்துவதைக் கேட்டபடி படுத்திருப்பேன். அலுப்பு என்ற வார்த்தைக்கு எனக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டீச்சரின் பாடம் வந்தது. கோட்டு இல்லை, ஆந்தை இல்லை. நூல்புடவை கட்டிக்கொண்டு, யார் வீட்டுச் சமையலறையிலோ நின்று பேசினார். அவர் மட்டும்தான் அறிவியல் என்றால் என்ன என்று தொடங்கவில்லை. "ஒங்க வீட்டு ஜன்னலத் தொறங்க. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே கேட்பவர்போல் பேசாமல் நின்றார். நான் எழுந்துபோய்த் திறந்தேன். தண்ணீர்க்கேன் வண்டி நிற்கிறது, தென்னைமரத்தில் பாளை விட்டிருக்கிறது, ஒரு நாய் அதன் வாலை அதுவே கடிக்கிறது என்று போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். பட்டை என்ன கலர் என்று கேட்காமல் வேறு எதையாவது என்னிடம் ஒருவர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பாடத்தின் முடிவில் அவர், அடுத்த தரம் வரும்போது ஒரு தட்டில் தண்ணீர், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடித் தம்ளர் தயாராக இருக்கட்டும் என்றார்.

நான் தயாராக எடுத்துவைத்தேன். வாரம் முடிந்தது. இரண்டாவது பாடத்தின்மேல் வழக்கம்போல் ஒரு பூட்டுப் படம் விழுந்தது.

அப்பா அன்று ஷிஃப்ட் முடிந்து நாலரை மணிக்கு வந்தபோது, நான் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவைத்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னா பாப்பா, கரண்ட் இல்லியா?"

"ரெண்டாவது பாடம்பா. இதுக்கப்புறம் என்னா பண்ணணும்னு தெரியல."

அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்ளரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "தம்ளரால மூடுவாங்கன்னு நெனைக்கிறேன்" என்றார். மூடினோம். சுடர் கொஞ்சம் தடுமாறி அணைந்தது. தட்டுத் தண்ணீர் மெல்லத் தம்ளருக்குள் ஏறியது. இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஏன் ஏறுகிறது என்று கேட்டேன். "தெரியலியேடா" என்றார். திரும்பத் திரும்ப, மெழுகுவர்த்தி அடி தட்டும்வரை செய்து பார்த்தோம். அப்பா அன்று தூங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் துணி மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார். "அந்த டீச்சர் பாடத்தையே வாங்கிடேன். புள்ள ஏங்கிப்போறா. ஒரு பாடம் எடுக்க இத்தன மாசமா? இது என்னா முகூர்த்தப் பொடவையா?"

"வருஷத்துக்கு வாங்கி என்னாங்க பண்றது?" என்றாள் அம்மா. "தீவாளி முடிஞ்சி ஸ்கூலுக்குப் போவப்போறா. அங்கயும் சயின்ஸ், இங்கயும் சயின்ஸா? அதுவரைக்கும் டெமோவே போதும்."

"போவட்டும். போற வரைக்குமாச்சும்..."

"போவப்போறான்னு சொல்றேன் இல்ல?"

அம்மா அப்படிக் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அப்பா மடித்த என் சட்டையையே உதறி இன்னொரு தரம் மடித்தார். அம்மாவுக்கு எதையும் முடிவுசெய்யத் தெரியாது, கடைக்கு வருகிறவர்களின் புத்தி அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நான் நினைத்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்ன டீச்சரைவிட நல்லவர் வேறு யார் வந்துவிடப்போகிறார் என்று எனக்குக் கோபம்.

ஐப்பசி பிறந்ததும் பட்டை மஞ்சளுக்கு வந்தது. வந்தது மட்டுமில்லை, தங்கியது. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார். என் கன்னம் வற்றிக் கண் வெளியே தெரிந்தது. தீபாவளி லீவு முடிந்ததும் அனுப்பலாம் என்றார். அன்று பஸ்ஸில் அம்மா முன்சீட்டுக்காரர்களோடெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். ஊதியிருந்தபோது தைத்த யூனிஃபார்மைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். ஷூ வாங்கினாள். தீபாவளிக்குக் கடையில் கூட்டம் நெரிந்தும், மணிக்கட்டில் தைலம் தேய்க்கும்போது அவள் பாடிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். போனில் இருந்த டெமோக்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். டீச்சரின் படிப்பும் அதோடு போனது. ஸ்கூலில் மெழுகுவர்த்திப் பாடம் இருக்குமா என்று கேட்டேன். "ஸ்கூல்ல எல்லாம் இருக்குது பாப்பா" என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். சனிக்கிழமை காலை அம்மா பட்டையை நனைத்து எடுத்தாள். பார்த்தாள். பட்டையோடு கீழே இறங்கிப்போனாள்.

நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பாலாற்றுப் பக்கமெல்லாம் கருத்துக்கொண்டு வானம் இறங்கியிருந்தது. வெயில் எங்கேயும் இல்லை. அம்மா கேட்டுக்கு வெளியே பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள், திரும்பி நின்று பார்த்தாள். வெயில் வரட்டும் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். தூறல் விழத் தொடங்கியபின்தான் மேலே வந்தாள். இரவு ஷிஃப்ட் முடிந்து படுத்திருந்த அப்பாவை எழுப்பினாள்.

"இதப் பாருங்க. இது மஞ்சளா, பச்சையா?"

அரக்குக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று அவளே நாள்தோறும் கேலிசெய்கிற மனிதர் அவர். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தார். "என்ன ஏம்மா கேக்கற? ஒனக்குத் தெரியாததா?"

"சொல்லுங்க."

"பச்ச மாதிரி இருக்குது."

"மழ வெளிச்சத்துல அப்படித்தாங்க தெரியும்" என்றாள்.

அன்றைக்கு இன்னும் இரண்டு பட்டைகள் நனைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் நனைத்தாள். கிளிப்பச்சை, வாழைக்குருத்து என்று எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. டப்பாவை எடுத்து, தான் மதிக்காத அந்தக் கட்டங்களோடு பட்டையை ஒட்டிவைத்துப் பார்த்து, மூன்று என்றாள். பிடித்துத் தைத்த யூனிஃபார்ம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். டாக்டரம்மா என் கன்னத்தைத் தட்டி, காலை அழுத்திப் பார்த்து, காகிதங்களைப் புரட்டிவிட்டு அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். மாத்திரையைக் குறைக்கும்போதெல்லாம் திரும்ப வருகிறது, அதனால் வேறு மருந்து சேர்க்கவேண்டும், அது நீண்ட நாளைக்குத் தொடரும். "இந்த வருஷம் ஸ்கூல் வேணாம்மா. அடுத்த வருஷமும் வேணாம்னுதான் நெனைக்கிறேன். வீட்லயே நல்லா படிக்க வைங்க. இப்படிப் படிச்சி மேல வந்த பிள்ளைங்க நெறய பேரு எனக்குத் தெரியும்." எப்போதும் பத்துக் கேள்வி கேட்கிற அம்மா சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வெளியே வந்து மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது என் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது காஞ்சிபுரம் பஸ்ஸில் எங்களுக்கு மூன்று பேர் சீட்டு கிடைத்தது. நான் நடுவில். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அம்மா பையிலிருந்து போனை எடுத்தாள். நம்பரைத் தேடி அழுத்தினாள். பஸ் சத்தத்துக்காகச் சத்தத்தைக் கூட்டிவைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஹலோ மேம்! எப்படி இருக்கீங்க? நானே கூப்பிடணும்னு நெனச்சேன், அக்காவுக்கு..."

"அந்தச் சமையல்கட்டு டீச்சரு பாடம் இருக்குதே, அது ஒங்க கம்பெனிதானம்மா?"

"ஆமா மேம். இப்ப புது டெமோ ஒன்னு போட்டிருக்கோம், அதையும் ஒருவாட்டி பாத்துட்டு..."

"வேணாம்மா. எதுவும் காட்ட வேணாம். என் பொண்ண சேத்துக்க."

"சேத்துக்கவா மேம்?" என்று அந்தப் பெண் திரும்பக் கேட்டார். இத்தனை மாதம் பிரித்துப் பிரித்துக் காட்டியும் அசையாத ஆள் இப்படிச் சொன்னால் யார்தான் சட்டென்று நம்புவார்கள். பிறகு வேலை நினைவுக்கு வந்தவராய், "ஒரு வருஷப் படிப்பா மேம், ரெண்டு வருஷப் படிப்பா?" என்று கேட்டார்.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, மறுபடியும் கிளம்பியது. "மேம், லைன்ல இருக்கீங்களா?" என்று போன் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமே போட்டுடும்மா" என்றாள்.

நான் சீட்டிலேயே எகிறிக் குதித்தேன். ரெண்டு வருஷமா, நிஜமாவா, அந்த ஜன்னல் டீச்சரா, தண்ணி ஏன் ஏறுதுன்னு நாளைக்கே பாத்துடலாமா என்று அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அம்மாவைத் தொட்டுப் பேசாத அப்பா, என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் தோள் குலுங்கியது. அந்த ரோடு எப்போதுமே குண்டும் குழியுமாகத்தான் இருக்கும். தினமும் மண்டிபோட்டுப் புடவை காட்டுகிறவள், அசதியில் தூங்குகிறாள் என்று நான் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். இத்தனை மாதம் அலைக்கழித்தாலும் அம்மா கடைசியில் நல்ல பாடமாகத்தான் பிடித்தாள், அதுவும் எவ்வளவு பிடித்திருந்தால் இரண்டு வருடத்துக்கு எடுத்திருப்பாள் என்று எண்ணியபடி, ஊர் வந்து சேரும்வரை சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.